இடப்பக்கம் சாய்ந்த கோடுகள்

ஏலே கார்த்தி,

உன் மின்னஞ்சலை அப்பாதான் வாசித்துக் காட்டினார். என் கண்ணாடி எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. ஊர்க் காசையெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்த்தவளுக்குச் சொந்தக் கண்ணாடி கிடைக்கவில்லை என்று அவருக்கு ஒரே சிரிப்பு. நீ எழுதியது இதுதானே? உங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் இருக்கிறார். பழைய தங்கக் காசின் மேல் இருக்கும் கோடுகளை லேசர் வைத்து மழுக்கிக் கொடுப்பார். நிச்சயதார்த்தத்தில் வித்யா வீட்டில் உனக்குக் கொடுத்த சார்மினார் காசை அவரிடம் கொடுத்துச் சரிசெய்து, அங்கே பழங்காசுக்குத் தரம் போடும் கம்பெனிக்கு அனுப்பினால் தர நம்பர் கிடைத்துவிடும். அடுத்த வாரம் கொடுக்கப் போகிறாய். கடைசியில், "நீ கொடுக்காத நம்பரை நான் வாங்கிக் காட்டுறேன்மா" என்று எழுதி ஒரு சிரிக்கும் பொம்மையும் போட்டிருந்தாய். அப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொடுக்காதே. போனில் இதைச் சொன்னால், "சரிம்மா, சரிம்மா" என்பாய். அந்த "சரிம்மா"வுக்கு என்ன அர்த்தம் என்று உன்னைப் பெற்றவளுக்குத் தெரியும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அப்பாவின் ஆபீஸ் நண்பர் மகன் சனிக்கிழமை ஷம்ஷாபாத்தில் விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். சின்னதாக ஒரு பொட்டலமும் இருக்கும். கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அதைப் பிரி.

என் வேலை என்னவென்று நீ ஒருநாளும் ஒழுங்காகக் கேட்டதில்லை. குறை சொல்லவில்லை, பிள்ளைகள் யார்தான் கேட்கிறார்கள். அப்பாவுக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்து நாம் கோவில்பட்டியிலிருந்து ஹைதராபாத் தார்நாகா குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது உனக்குப் பால்பல் விழவில்லை. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வீட்டில் இருக்கிறாளே என்று, செகந்திராபாத்தில் பழங்காசுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் யாரோ சொல்லிச் சேர்த்துவிட்டார்கள். உலோகத்தைச் சோதிக்கத்தான் முதலில் கூப்பிட்டார்கள். பிறகு என் கண்ணைப் பார்த்துவிட்டுத் தரம் போடவும் உட்கார வைத்தார்கள். அந்தக் காலத்தில் வேலை குறைவு. அப்புறம் மாதாப்பூர் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின, சாஃப்ட்வேர் சம்பளம் வந்தது, ஊரில் பல பேருக்குத் திடீரென்று பழங்காசு ஆசை பிடித்தது. ஆசை வந்த இடத்துக்குப் போலியும் வந்துவிடுமே. அச்சில் வார்த்த காசு, விளிம்பில் அரம் போட்ட காசு, எழுத்தைச் செதுக்கி அபூர்வமாக்கிய காசு என்று எங்கள் மேஜை நிரம்பி வழிந்தது.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன், அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. காசு யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. வெள்ளை உறையில் ஓர் எண் மட்டும் இருக்கும். மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்போம், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. அறையில் ஒரே ஒரு விளக்கு. காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக் கூடாது. மெல்லச் சாய்த்துக்கொண்டே போனால் வெளிச்சம் காசின் மேல் ஊர்ந்து போகும், அப்போதுதான் மேல்பரப்பு பேசும். கையில் புழங்கித் தேய்ந்த காசில் கீறல்கள் கன்னாபின்னாவென்று இருக்கும். யாராவது உட்கார்ந்து துடைத்த காசில் கோடுகள் ஒரே பக்கமாக ஓடும். துடைத்த காசுக்கு நம்பர் கிடையாது. அசல் என்று எழுதுவோம், துடைக்கப்பட்டது என்று எழுதுவோம், அவ்வளவுதான். எவ்வளவு அபூர்வமான காசாக இருந்தாலும் அதே விதி.

அப்படி ஒருநாள் ஓர் உறையிலிருந்து அந்த அஷ்ரஃபி வந்தது. நிஜாம் காலத்துத் தங்கக் காசு. ஒரு முகத்தில் சார்மினார், அதன் வாசலுக்குள் ஓர் எழுத்து. அந்த எழுத்து வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாக அமைந்த வகையை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். இரண்டு தடவை எடை போட்டேன். எடை சரி, தங்கம் சரி, அச்சு சரி, விளிம்பு சரி. காசைச் சாய்த்தேன். சார்மினார் முகம் முழுக்க மெல்லிய கோடுகள். அத்தனையும் சின்னச் சின்ன வளைவுகள், ஒன்றின்மேல் ஒன்றாக. மறுபக்கத்தில் ஒரு கோடும் இல்லை. "அடப் பாவிகளா, இதைப் போயா" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்ற இருவரும் நம்பர் போட்டிருந்தார்கள். மூன்று பேரும் ஒத்துவராவிட்டால் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். கூப்பிட்டு விளக்கடியில் சாய்த்துக் காட்டினேன். பெருமூச்சு விட்டுவிட்டு ஒத்துக்கொண்டார்கள். "அசல். துடைக்கப்பட்டது. தர எண் இல்லை." சான்றிதழை எழுதிய கை என்னுடையது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நாம் திருமுல்கேரியில் வித்யா வீட்டுக்குப் போனோம். நிச்சயதார்த்தத் தேதி பேச. நீயும் அவளும் ஒரே கம்பெனியில் பார்த்துப் பேசி முடிவுசெய்துவிட்டீர்கள், பெரியவர்கள் வந்து தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. அவள் அப்பாவை அதற்கு முன் ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்தோடு வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், வீட்டில் பேசும் தமிழில் பாதி ஹைதராபாத். நான் வேலைக்குப் போகிறேன் என்று அவருக்குத் தெரியும், என்ன வேலை என்று கேட்கவில்லை. பொம்பிளை வேலை என்றால் ஸ்கூலோ பேங்கோ என்று அவர் முடிவு. உஸ்மானியா பிஸ்கட்டையும் டீயையும் வைத்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு வெள்ளிக் கிண்ணத்தையும் கொண்டுவந்து, மனிதர் கொதித்துக்கொண்டிருந்த விஷயத்தை எடுத்தார். அவர் தாத்தாவுக்கு ஒரு நவாப் வீட்டுக் கல்யாணத்தில் கிடைத்த காசாம். அன்று முதல் பூஜை அறையில் வெள்ளிக் கிண்ணத்தில் குங்குமத்தின் மேல் இருக்கிறது. சார்மினாரும் உருது எழுத்தும் இருந்தால் என்ன, அந்த வீட்டுக்கு அதுதான் லக்ஷ்மி. அதை நிச்சயதார்த்தத் தட்டில் வைத்து உனக்குக் கொடுக்க ஆசைப்பட்டிருக்கிறார். மாப்பிள்ளை ஐடி ஆள், சும்மா காசாகக் கொடுத்தால் மரியாதையாக இருக்காது, நம்பரோடு கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொடுக்கலாம் என்று ஒரு காசு வியாபாரி மூலமாக அனுப்பியிருக்கிறார்.

"எவனோ அறிவில்லாதவன் உக்காந்து, துடைச்ச காசுன்னு எழுதி அனுப்பிட்டான்" என்றார். "எங்க வீட்டு லக்ஷ்மி மேல யாரு கை வெப்பாங்க? என் சம்சாரம் இருந்தவரைக்கும் பூ மட்டும் வெப்பா. அவ போனப்புறம் அதுவும் நான்தான்."

நான் டீக் கோப்பையைக் கீழே வைத்தேன். நீ என்னைப் பார்த்தாய். உனக்கு என் அலுவலகம் தெரியுமே. உன் அப்பா பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பேசாதே என்று கண்ணால் சொன்னார். பேசாமல் இருந்திருக்கலாம். சான்றிதழில் பெயர் கிடையாது. ஆனால் நாளைக்கு சம்பந்தியாக ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடப் போகிற மனிதரிடம் முதல் நாளே வாயை மூடிக்கொண்டு இருப்பதா?

"எழுதினது நான்தான்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது, அதைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "ஹவ்? நெஜமாவா? அப்போ கவலையே இல்ல. வீட்டு விஷயம் ஆயிடுச்சே, மாத்தி எழுதிடுங்க" என்றார். மாற்ற முடியாது என்றேன். மறுபடி அனுப்புகிறேன் என்றார். மறுபடி அனுப்பினாலும் அந்தக் கோடுகள் அங்கேதான் இருக்கும் என்றேன். இன்னும் கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம், என் வாய்க்கு அது எங்கே வரும். அவர் எழுந்து காசுக் கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். எங்க வீட்டு சாமியைக் குத்தம் சொன்ன இடத்தில் எப்படிப் பெண் கொடுப்பது என்று அவர் வாய் திறந்து கேட்கவில்லை. "நிச்சயம் இப்போதைக்கு நக்கோம்மா, வேணாம்" என்று மட்டும் சொன்னார். வித்யா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள், அவளை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆட்டோ பிடித்துத் திரும்பினோம். தார்நாகா வந்து இறங்கியதும், "ஒரு நம்பர்தானம்மா. போட்டுக் குடுத்தா குடியா முழுகிப் போகும்? உனக்கு நான் முக்கியமா, அந்தக் காசு முக்கியமா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் பதில் இல்லை என்று நீ நினைத்துக்கொண்டாய். இருந்தது, ஆனால் அழுதுகொண்டு சொல்ல வேண்டியிருக்கும். யாருடைய காசு என்று தெரியாமல் எழுதினதைத் தெரிந்தபிறகு மாற்றி எழுதினால், அதற்கு முன்னால் நான் எழுதின எல்லாமே பொய்யாகிவிடும். நாளைக்கு நீ நல்லவன் என்று நான் நாலு பேரிடம் சொன்னால்கூட, பெற்ற பிள்ளை என்று சொல்கிறாள் என்பார்கள். அந்த வாரம் முழுக்க நீ தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாய். உன் கல்யாணம் என்னால் நின்றுபோனால் எந்த முகத்தோடு உன் முன்னால் நடமாடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதுவரை உனக்குத் தெரிந்த கதை. அடுத்த ஞாயிறு, நீ யாரோ நண்பன் வீட்டுக்குப் போயிருந்தபோது, வித்யா நம் வீட்டுக்கு வந்தாள். அவள் வந்தது உனக்குத் தெரியும். வந்து என்ன செய்தாள் என்று தெரியாது. கைப்பையிலிருந்து ஒரு குங்குமச்சிமிழை எடுத்தாள், உள்ளே அந்தக் காசு. "அப்பாவுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன் ஆன்ட்டி. நீங்க பாத்ததை எனக்கும் காட்டுங்க" என்றாள். சண்டைக்கு வரவில்லை, கெஞ்சவும் வரவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு இந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

ஜன்னலைச் சாத்திவிட்டு உன் படிப்பு மேஜை விளக்கைப் போட்டேன். லென்ஸை எப்படிக் கண்ணருகே வைப்பது, காசை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். சாய்த்தாள். "ஐயோ, எவ்வளவு கோடு" என்றாள். துணியில் விபூதியோ என்னவோ தொட்டுப் பெருவிரலால் அழுத்தித் துடைத்திருக்கிறார்கள், ஒருநாள் இரண்டு நாள் வேலை இல்லை, வருஷக்கணக்காக என்றேன். வெள்ளி சாமானைத் துலக்குவதுபோல வெள்ளிக்கிழமை தோறும் துடைத்திருப்பார்கள், நம் வீடுகளில் அழுக்கோடு சாமியை வைக்க யாருக்கு மனம் வரும். அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் வேலைப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, கண்ணில் பட்டதை முழுக்கச் சொல்லிவிடும். "சார்மினாரை நேராப் பிடிச்சுப் பாரு. வலது கைப் பெருவிரலால தேச்சா கோடு வலது பக்கம் சாயும். இது எல்லாம் இடது பக்கம் சாஞ்சிருக்கு. துடைச்சவங்க இடது கைக்காரங்க" என்றேன்.

அவள் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோய்ப் பக்கத்தில் போனால், பெண் சிரிக்கிறாள். பிறகுதான் அழுதாள்.

"அம்மா" என்றாள். "ஆன்ட்டி, இது அம்மா கை."

அவள் அம்மா பிறவியிலேயே இடது கைக்காரியாம். கல்யாணமாகி வந்த புதிதில் இடது கையால் விளக்கேற்றப் போய், இவள் அப்பா நாலு பேர் முன்னால் சத்தம் போட்டிருக்கிறார். இடது கையால் சாமியைத் தொடக் கூடாது, பரிமாறக் கூடாது, யாருக்கும் ஒன்றும் கொடுக்கக் கூடாது. கெட்டவர் இல்லை, அவர் வளர்ந்தது அப்படி. அந்த அம்மாள் வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் வலது கைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். கோலம்கூட வலது கையில்தான், கோணலாக வருமாம். "அம்மா இடது கையால ஒரு வேலை செஞ்சு நான் பாத்ததே இல்ல ஆன்ட்டி. எனக்கு அது பாட்டி சொல்லிக் கேட்ட கதைதான். நானே இடது கையில பென்சில் எடுத்தப்போ, அப்பா பாக்கறதுக்குள்ள அம்மாதான் மாத்தி வெச்சாங்க" என்றாள். அப்படிப்பட்டவள், வீட்டில் எல்லாரும் வெளியே போனபிறகு, பூஜை அறையில் தனியாக உட்கார்ந்து, அந்த லக்ஷ்மியை மட்டும் தன் சொந்தக் கையால் துடைத்திருக்கிறாள். பல வருஷம். யாருக்கும் தெரியாமல். அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகு, அவளை முன்பின் பார்த்திராத நான் அதைத் தங்கத்தின் மேல் பார்த்து, "துடைக்கப்பட்டது, தர எண் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். எழுதினது சரிதான். ஆனால் அன்றைக்கு அந்தப் பெண்ணின் தலையைத் தடவிக்கொண்டு நின்றபோது, நான் எழுதின வரி எவ்வளவு சின்னது என்று இருந்தது.

வித்யா அன்றே வீட்டுக்குப் போய், வெள்ளிக்கிழமைகளில் அம்மா காசைத் துடைத்ததைச் சின்ன வயதில் பார்த்த ஞாபகம் என்று அப்பாவிடம் ஒரு பொய் சொல்லிவிட்டாள். எந்தக் கையால் என்று சொல்லவில்லை. வெளி ஆள் கை படவில்லை, வீட்டு மனுஷி கைதான் என்றதும் அவர் இறங்கிவந்துவிட்டார். மறுநாள் அவரே போன் செய்து, "நம்பர் கிடக்கட்டும் சம்பந்தி. அவ தொடைச்ச காசு, அப்படியே தட்டுல வெச்சிடறேன்" என்றார். நீ நினைத்துக்கொண்டது, உன் மாமனார் பெருந்தன்மையாக உன் அம்மாவை மன்னித்துவிட்டார் என்று. நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அப்பா உயிரோடு இருக்கும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம் ஆன்ட்டி, இப்போது தெரிந்தால் அவர் தாங்க மாட்டார் என்று வித்யா கேட்டுக்கொண்டாள். போன வருஷம் அவரும் போய்விட்டார். நேற்று அவளிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "நீங்களே சொல்லுங்க அத்தை. நான் சொல்ல ஆரம்பிச்சா அழுதுடுவேன். காசைக் குடுக்கப் போறேன்னு அவர் சந்தோஷமா இருக்கார், எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னு தெரியல" என்றாள்.

அந்த லேசர்க்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அப்படிப்பட்டவர்களை எங்கள் தொழிலில் காசு டாக்டர் என்று கேலியாகச் சொல்வோம். நோயே இல்லாத இடத்தில் வைத்தியம் பார்ப்பவர்கள். மேல்பரப்பை இளக்கி வழித்துவிட்டால் கோடு மறைந்துவிடும். அதோடு அச்சடித்த அன்றைய தோலும் போய்விடும். நல்ல கண் உள்ளவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், கண்டுபிடிக்காவிட்டால் நம்பர் கிடைக்கும். கிடைத்தால் அது உன் காசின் நம்பர் இல்லை, அந்த ஆளுடைய கைவேலையின் நம்பர். உனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நம்பர் வேண்டியிருக்கிறது. நீ வேலை பார்க்கும் இடம் அப்படி, வருஷா வருஷம் உனக்கும் போடுகிறார்கள், நீயும் உன் கீழே இருப்பவர்களுக்குப் போடுகிறாய். நானும் வாழ்நாளில் பாதி அதைத்தான் செய்தேன், உன்னைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. ஆனால் ஒன்று தெரியும். தரம் போடுகிறவள் பார்ப்பது காசுக்கு என்ன நடந்தது என்று. ஏன் நடந்தது என்று கேட்க அவளுக்கு நேரமும் கிடையாது, அனுமதியும் கிடையாது. வீட்டில் இருப்பவனுக்கு இரண்டும் உண்டு.

இப்போது இன்னொன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். தீபாவளி அன்று வீடியோவில் பார்த்தேன். என் பேத்தி மீனுக்குட்டி இடது கையால் லட்டு எடுத்தாள். நீ பேச்சை நிறுத்தாமலே, அவள் கையிலிருந்து அதை வாங்கி வலது கையில் வைத்தாய். அவள் மறுபடி மாற்றினாள். "எத்தனை தடவை சொல்றது, அந்தக் கையில சாப்பிடாதேன்னு" என்று அதட்டினாய். ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னாய், அதில் கோபம்கூட இல்லை. குழந்தை லட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். வித்யா சட்டென்று திரையிலிருந்து விலகிப் போனாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று நீ நினைத்திருப்பாய். கூறுகெட்டவனே, அடுப்பில் ஒன்றும் இல்லை.

பொட்டலத்தைப் பிரி. என்னுடைய லென்ஸ்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. எனக்கு இனி எதற்கு, கண்ணாடியையே தேட வேண்டியிருக்கிறது. ஜன்னலைச் சாத்து, ஒரு விளக்கு மட்டும் போடு. காசை விளிம்பில் பிடித்து, சார்மினாரை நேராக வைத்து, மெல்லச் சாய். வித்யாவைப் பக்கத்தில் உட்காரச் சொல். அவள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. பார்த்து முடித்தபிறகும் உனக்கு நம்பர்தான் வேண்டும் என்று தோன்றினால் கொண்டுபோய்க் கொடு, காசு உன்னுடையது, தட்டில் வைத்து உனக்குத்தான் கொடுத்தார்கள்.

நீ பார்த்து முடித்ததும் லென்ஸை மீனுவிடம் நீட்டு. எந்தக் கையால் வாங்குகிறாளோ வாங்கட்டும்.

அம்மா